வெடித்தது அக்காவுக்கு, வெடிக்காதது எனக்கு

என் அக்காவுக்கு மூளையில் இருந்த அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய்ச் சுவரில் புடைத்த குமிழ், வெடித்தது. சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் எனக்கும் ஒன்று இருப்பது தெரியவந்தது. அது இன்றுவரை வெடிக்கவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே மாதிரி அணுகினால் இரண்டிலும் தவறிப்போவோம். வெடித்துவிட்டால் யோசிப்பதற்கு நேரமே கிடையாது; மணிக்கணக்கில் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும். வெடிக்காமல் தற்செயலாகக் கண்டறியப்பட்டதற்கோ பெரும்பாலும் போதுமான அவகாசம் உண்டு. அங்கே பயத்தில் அவசரப்படுவதே ஆபத்தாக முடியலாம். இந்த வேறுபாட்டை எனக்கு யாராவது முன்பே பொறுமையாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பேன். நான் மருத்துவர் இல்லை. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்தும், பிறகு நானே நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தும் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் மண்டையின் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664-இல் அதை விரிவாக விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் வில்லிஸ் வளையம் என்கிறார்கள். இந்த வளையத்திலும் அதன் கிளைகள் பிரியும் இடங்களிலும் ரத்தத்தின் மோதல் அதிகம். அங்கே சுவர் மெலிந்து, பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொள்வதைப் போல ஒரு குமிழ் உருவாகிறது. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து, முதிர்ந்து, வேறு ஏதோ காரணத்தால்தான் இறக்கிறார்கள்.

வெடித்தால் கதை வேறு. மூளையைச் சுற்றியுள்ள சவ்வுகளுக்கு இடையே ரத்தம் பீறிடுகிறது. சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு என்று அறிக்கையில் எழுதுவார்கள். பக்கவாத வகைகளில் இதன் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவில்தான் என்றாலும், மற்ற பக்கவாதங்களைவிட இளைய வயதில், ஐம்பதுகளிலேயே வந்து தாக்குகிறது. மருத்துவமனையை எட்டுவதற்குள்ளேயே சிலர் இறந்துவிடுகிறார்கள். பிழைப்பவர்களிலும் பலர் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

அக்கா அப்போது அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னந்தலையில் திடீரென்று வலி. வாந்தி. கழுத்தை வளைக்க முடியவில்லை, விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசியது. அத்தான் உடனே பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அங்கே பணியிலிருந்த மருத்துவர், இதற்கு முன் ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டார். உண்டு, பல வருடங்களாக. வலிக்கு ஊசி போட்டு, இருட்டறையில் படுக்க வைக்கச் சொல்லி அனுப்பத் தயாரானார். அத்தான் நகரவில்லை. “டாக்டர், இவளுக்கு ஒற்றைத் தலைவலி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், உச்சத்துக்குப் போக மணிக்கணக்காகும். இது ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்விட்டது” என்றார். மருத்துவரின் முகம் மாறியது. சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

அத்தான் சொன்ன அந்த வாக்கியத்தை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவலியோடு வரும் ஒவ்வொருவரும் ‘தாங்க முடியாத வலி’ என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு மருத்துவர்களின் காது பழகிப்போயிருக்கிறது. மருத்துவருக்கு முதலில் தெரியவேண்டியது வலியின் அளவைவிட அது ஏறிய வேகம். சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டதா? இதுவரை வந்த எந்தத் தலைவலியிலிருந்தும் வேறாக இருக்கிறதா? கூடவே வாந்தி, கழுத்து இறுக்கம், ஒரு கணமாவது நினைவு தப்பியது, வலிப்பு, பொருள் இரண்டாகத் தெரிவது ஆகியவற்றில் எது இருந்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒற்றைத் தலைவலிக்காரர் என்றால் இன்னும் அழுத்திச் சொல்லுங்கள். பழைய நோயின் நிழலில் புதிய நோய் மறைந்துகொள்வது அங்கேதான்.

வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைப்பதும் அதே அளவு முக்கியம். புதிய தலைமுறைக் கருவியில், வலி வந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்த சி.டி. ஸ்கேனில் இந்த ரத்தக்கசிவு தப்புவது மிக அரிது. நேரம் போகப் போக ரத்தம் கரைந்து பரவி, ஸ்கேன் சாதாரணமாகத் தோன்றக்கூடும். அப்போது முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது சாயம் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுப்பார்கள். தண்டுவட நீரில் ரத்தம் சிதைந்து மஞ்சள் நிறம் உருவாகவே பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம். ஆகையால் ‘ஸ்கேன் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம்’ என்று யாராவது சொன்னால், வலி தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து எடுத்த ஸ்கேன் அது என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்கலாம், ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது? ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். நினைவு மங்கியிருக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயங்கிவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை, முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை, கையோடு கொண்டுபோங்கள். சிலருக்குப் பெரிய வெடிப்புக்கு நாட்களோ வாரங்களோ முன்பு சிறிய கசிவு ஏற்பட்டு, திடீர்த் தலைவலி வந்து தானாக அடங்கியிருக்கும். அடங்கிவிட்டதே என்று அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சி.டி.யில் ரத்தம் தெரிந்தது. அக்காவின் அனியூரிசம் மூளையின் முன்பகுதிக்குப் போகும் இரண்டு தமனிகளையும் இணைக்கும் சிறிய தமனியில் இருந்தது. இது அடிக்கடி வெடிக்கும் இடங்களில் ஒன்று என்றார்கள். அவளைப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு மாற்றினார்கள். ஒருமுறை வெடித்த குமிழ் மீண்டும் வெடிக்கும் அபாயம் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது வெடிப்பு முதலாவதைவிடக் கொடியது. அதனால் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, கூடிய விரைவில் அதை அடைத்துவிட வேண்டும். எந்த மருத்துவமனை என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், மண்டையைத் திறந்து செய்பவரும் ரத்தக்குழாய் வழியாகச் செய்பவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு முறை மட்டுமே கைவசம் உள்ள இடத்தில் எல்லாக் குமிழும் அந்த முறைக்கே ஏற்றதாகத் தெரிந்துவிடும்.

இரண்டு முறைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. உயிருள்ளவரின் மூளை ரத்தக்குழாய்களைச் சாயம் செலுத்திப் படம்பிடிக்கும் வழியை போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் 1927-இல் கண்டார். 1937-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி ஓர் அனியூரிசத்தின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் போட்டு மூடினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1990-களின் தொடக்கத்தில், இத்தாலியரான கூலியெல்மி தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, குமிழுக்குள் பிளாட்டினச் சுருள்களை நிரப்பிப் பிரித்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். எது நல்லது என்ற சண்டைக்கு 2002-இல் லான்செட் இதழில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு பாதி விடை தந்தது. வெடித்த அனியூரிசம் உடைய, இரண்டு முறைக்கும் பொருத்தமான 2,143 நோயாளிகளில், ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ வேண்டியவர்களும் சுருள் வைத்தோரில் நூற்றுக்கு 24-க்குச் சற்றுக் குறைவு, கிளிப் போட்டோரில் 31-க்குச் சற்றுக் குறைவு.

பாதி விடை என்று சொல்லக் காரணம் உண்டு. சுருள் வைத்த குமிழில் நாளடைவில் சுருள்கள் அமுங்கி மீண்டும் ரத்தம் புகலாம். மறுசிகிச்சை தேவைப்படுவது அதில்தான் அதிகம். வாய் அகன்ற குமிழ்கள், மூளையின் பக்கவாட்டுக்குப் போகும் நடுப்பெருமூளைத் தமனியின் கிளை பிரியும் இடத்தில் உள்ளவை, ரத்தக்கட்டியையும் சேர்த்து அகற்ற வேண்டியவை ஆகியவற்றுக்குக் கிளிப்பே மேலாக இருக்கலாம். ‘திறக்காமல் செய்வது’ என்றதும் உறவினர்கள் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அந்த நிம்மதி ஏற்படவில்லை. ஏனென்றால் ஒப்புதல் படிவத்தை நான் முழுவதும் வாசித்தேன். செய்யும்போதே குமிழ் வெடிக்கலாம், ரத்தக்கட்டி கிளம்பிப் போய் மூளையின் வேறொரு பகுதியை அடைக்கலாம், முழுமையாக நிரப்ப முடியாமல் போகலாம். தோலில் தழும்பு இல்லை என்பதற்காக அதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அக்காவுக்குச் சுருள்தான் வைத்தார்கள், நல்லபடியாக முடிந்தது.

இனிப் பயமில்லை என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த அத்தானை மருத்துவர் நிறுத்தினார். “ஓட்டையை அடைத்துவிட்டோம். ஆனால் வெளியே வந்த ரத்தம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நாலாவது நாளிலிருந்து இரண்டு வாரம்வரை இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும்” என்றார். இந்த நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெடிப்பைப் பற்றியும் அறுவையைப் பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். இந்த இடைக்காலத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிதைந்துகொண்டிருக்கும் ரத்தம் சுற்றியுள்ள தமனிகளைச் சுருங்க வைக்கிறது. சுருங்கிய தமனிக்கு அப்பால் உள்ள மூளைப் பகுதி ரத்தமின்றி வாடுகிறது. முதல் வெடிப்பில் தப்பியவர் இதில் செயலிழந்து போகலாம். இதற்காக நிமோடிபின் என்ற மாத்திரையை 60 மில்லிகிராம் அளவில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாட்கள் தருகிறார்கள். நடுராத்திரியிலும் எழுப்பித் தருவார்கள். ‘பாவம், தூங்கட்டும், காலையில் கொடுங்கள்’ என்று இரக்கப்படாதீர்கள். அதைச் சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் சிலருக்கு இறங்கும். அப்போது அளவையும் இடைவெளியையும் மாற்ற வேண்டியது மருத்துவரே.

அந்த இரண்டு வாரங்களில் குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. நோயாளியின் இயல்பு அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மாலை நான் போனபோது அக்கா கண் திறந்திருந்தாள், பெயர் கேட்டால் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள். அப்போதுதான் பணிக்கு வந்த செவிலியருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் என் அக்கா அப்படி இருக்கிறவள் இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் வீட்டில் யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்பவள், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கேட்டால் ஒரு சொல், அதற்குமேல் இல்லை. போர்வைக்குள் இடது கால் மட்டும் அசையவில்லை. “காலையில் இப்படி இல்லை” என்று சொன்னேன். செவிலியர் உடனே மருத்துவரை அழைத்தார். முன்பகுதித் தமனிகள் சுருங்கியிருந்தன. அந்தப் பகுதி பாதிக்கப்பட்டால் கால் பலவீனமும் இப்படிப்பட்ட பேசா நிலையும்தான் முதலில் தெரியும் என்று பிறகு விளக்கினார்கள். ரத்த அழுத்தத்தை மருந்து கொடுத்து உயர்த்தினார்கள். கால் திரும்பியது. ‘நர்ஸுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது’ என்று யாரும் வாயடைத்து நிற்க வேண்டாம். காலையில் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். முடிவு அவர்கள் எடுக்கட்டும்.

மூளைக்குள் நீர் தேங்கியதால் அக்காவின் தலையிலிருந்து ஒரு குழாய் வழியாக வெளியே பையில் நீர் வடியவிட்டிருந்தார்கள். அந்தப் பை எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதைத் தலையின் மட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் நிர்ணயிக்கிறார்கள். கட்டிலின் தலைமாட்டை நாம் அன்போடு சற்று உயர்த்திவிட்டாலும் மட்டம் மாறி, நீர் வேகமாக வடிந்துவிடலாம், அல்லது வடியாமல் நிற்கலாம். ஆகையால் கட்டிலையும் பையையும் நாமாகத் தொடக் கூடாது. சிலருக்கு அந்தத் தேக்கம் தீராமல், தலையிலிருந்து வயிற்றுக்குள் நிரந்தரக் குழாய் பொருத்த வேண்டியிருக்கும். அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. ரத்தத்தில் சோடியம் இறங்குவதும் இந்த நாட்களில் சகஜம். குழப்பமும் மயக்கமும் அதனாலும் வரலாம். மலச்சிக்கலில் முக்கக் கூடாது என்பதற்காகத் தருகிற மருந்தைத் தேவையில்லை என்று மறுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தாள். நடந்தாள், பேசினாள், சிரித்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ‘முழுசாகத் தேறிவிட்டாள்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது உண்மையில்லை. காலையில் குளித்து உடுத்துவதற்குள் களைத்துப்போவாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அழுகை வரும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கு என்று நிற்பாள். ஒருபோதும் கோபப்படாதவள் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தாள். அவளுடைய அனியூரிசம் இருந்த இடம் நினைவுக்கும் குணத்துக்கும் தொடர்புடைய பகுதியின் அருகே என்பது தெரிந்த பிறகுதான் அத்தானால் அந்தக் கோபத்தைத் தன்மீதான குறையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடிந்தது. இதைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டியது மருத்துவமனையின் கடமை. எங்களுக்குக் கிடைத்தது மாத்திரைச் சீட்டு மட்டுமே. நாங்களாகக் கண்டுபிடித்தவை இவை: ஒரு வேளைக்கு ஒரு விருந்தாளி, மத்தியானத் தூக்கம் கட்டாயம், எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதிவைப்பது, பாதி நாள் வேலையில் தொடங்கி மெதுவாக ஏற்றுவது. மன அழுத்தத்துக்கு மருத்துவரைப் பார்க்க அவள் முதலில் மறுத்தாள், பிறகு போனாள். அது அவளுக்கு மாத்திரைகளைவிட அதிகம் உதவியது என்று அவளே சொல்கிறாள்.

ஒவ்வொரு சாதாரணத் தலைவலியும் அவளை நடுங்க வைத்தது. மருத்துவர் ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்: மெதுவாக ஏறினால் ஓய்வெடுத்துக் கவனி, திடீரென்று உச்சத்துக்குப் போனால் உடனே கிளம்பு. சுருளின் நிலையைப் பார்க்க ஆறு மாதத்தில் மீண்டும் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். குமிழின் கழுத்துப் பகுதியில் சிறிது ரத்தம் புகுவது தெரிகிறது. இப்போதைக்குக் கண்காணித்தால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். உடலுக்குள் என்ன வைத்தார்கள் என்பதற்கான அட்டையை அவள் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கிறாள். பிளாட்டினச் சுருள்களோடும் டைட்டானியக் கிளிப்போடும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் பழைய காலக் கிளிப்புகள் சில காந்தத்தால் ஈர்க்கப்படுபவை, அவற்றோடு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அட்டை இல்லாதவர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி என் பக்கம். அக்காவின் மருத்துவர் குடும்ப வரலாறு கேட்டபோது, அம்மா பல வருடங்களுக்கு முன் மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்ததைச் சொன்னோம். எந்த வகை ரத்தக்கசிவு என்று கேட்டார். அப்பா பத்திரமாக எடுத்துவைத்திருந்த பழைய அறிக்கையில் அதே பெயர் இருந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற முதல் வட்டத்தில் இரண்டு பேருக்கு அனியூரிசமோ இந்த ரத்தக்கசிவோ இருந்தால், மற்றவர்கள் பரிசோதிப்பது பற்றி யோசிக்கலாம் என்பதே பொதுவான வழிகாட்டல். ஒருவருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் உருவாகும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் அபாயம் கூடுதல். உங்கள் வீட்டில் ‘திடீரென்று போய்விட்டார்’ என்று மட்டும் சொல்லப்படுகிறவர்கள் எதனால் போனார்கள் என்று, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

எம்.ஆர்.ஐ. கருவியில் சாயம் எதுவும் செலுத்தாமலே ரத்தக்குழாய்களைப் படமெடுக்க முடியும். வலியில்லை, கதிர்வீச்சில்லை. கடினமானது அதற்குப் பிறகு வருவதுதான். ‘இருக்கிறது’ என்ற பதில் வந்தால் என்ன செய்வாய் என்பதை ஸ்கேனுக்கு முன்பே யோசித்துவிடு என்று மருத்துவர் சொன்னார். என் தம்பி யோசித்துவிட்டு, “எனக்குத் தெரிய வேண்டாம் சின்னக்கா, தெரிந்தால் என்னால் வாழ முடியாது” என்றான். பலர் அவனைக் கோழை என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அறியாமல் இருப்பதும் அவனுடைய உரிமை. பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றாலும் அதோடு முடிந்துவிடுவதில்லை. புதிதாக உருவாகலாம் என்பதால் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் எடுக்கச் சொல்வார்கள்.

எனக்கு இருந்தது 4 மில்லிமீட்டர். வலதுபுறம், நடுப்பெருமூளைத் தமனி கிளை பிரியும் இடத்தில். அறிக்கையைக் கையில் வாங்கிய அன்றே அதை எடுத்துவிடச் சொல்லவேண்டும் என்று இருந்தது. அக்காவின் கட்டிலருகே பார்த்ததெல்லாம் கண்முன் நின்றது. இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். முதலாமவர் எண்களை எழுதிக் காட்டினார். 2003-இல் வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில், முன்பகுதிச் சுற்றோட்டத்தில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவான, இதற்கு முன் ரத்தக்கசிவு இல்லாதவர்களின் குமிழ்கள் ஐந்தாண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் நூற்றுக்கு நாற்பது வெடித்தன. அளவும் இடமும்தான் அபாயத்தின் பெரும்பகுதி. பின்பகுதித் தமனிகளில் இருந்தால் அதே அளவுக்கே அபாயம் அதிகம். ஆனால் சிறியது வெடிக்கவே வெடிக்காது என்று இதற்குப் பொருளில்லை. வெடித்து வருகிறவர்களில் சிறிய குமிழ் உள்ளவர்களும் நிறையப் பேர் என்றும் சொன்னார்.

வயது, ரத்த அழுத்தம், அளவு, இடம், முந்தைய ரத்தக்கசிவு, எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதை வைத்து மதிப்பெண் போடும் ஃபேஸஸ் என்ற கணக்கு 2014-இல் வந்தது. பின்லாந்துக்காரர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் அதில் கூடுதல் மதிப்பெண். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. கணக்கின்படி ஐந்தாண்டுகளில் என் குமிழ் வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மறுபக்கம், வெடிக்காத அனியூரிசத்துக்குச் செய்யும் சிகிச்சையிலேயே சிக்கல்கள் வருகின்றன: 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ரத்தக்குழாய் வழியாகச் செய்ததில் நூற்றுக்கு ஐந்து அளவிலும், அறுவையில் நூற்றுக்கு எட்டு அளவிலும். மரணம் அதில் மிகக் குறைவு. ஆனால் பக்கவாதமும் பேச்சிழப்பும் அந்தச் சிக்கல்களில் அடங்கும். நலமாக நடந்து உள்ளே போகிறவர் அப்படி வெளியே வரக்கூடும்.

இரண்டாமவர் வேறு கருத்துச் சொன்னார். அந்த மதிப்பெண் கணக்கில் குடும்ப வரலாறு சேர்க்கப்படவில்லை. உன் வீட்டில் இரண்டு பேருக்கு வெடித்திருக்கிறது, உன் குமிழ் அந்த எண்ணைவிட ஆபத்தானது என்றார். ஐந்தாண்டு அபாயத்தை ஒரே நாளில் ஏற்கும் சிகிச்சை அபாயத்தோடு ஒப்பிடுவது சரியில்லை, உனக்கு இன்னும் பல பத்தாண்டுகள் வாழ்க்கை இருக்கிறது என்றும் சொன்னார். கிளிப் போடுவது பற்றி யோசிக்கச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருவரில் ஒருவர் தவறானவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. நான் எடுத்த முடிவு கண்காணிப்பு: முதலில் ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுக்கொருமுறை ஸ்கேன், ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலும், வடிவம் கோணலாகி அதன்மேல் இன்னொரு மொட்டு முளைத்தாலும் சிகிச்சை. இன்னொருவர் இதே அறிக்கையோடு கிளிப் போட்டுக்கொண்டால் அவரும் சரிதான். தன்னால் எந்த அபாயத்தோடு வாழ முடியும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் அதை அறிக்கை வந்த அன்றே முடிவு செய்யாதீர்கள்.

மருத்துவரிடம் நான் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன், உதவும். என் குமிழின் அளவு, இடம், வடிவம் என்ன? ஒன்றும் செய்யாவிட்டால் வாழ்நாளில் என் அபாயம் எவ்வளவு? செய்தால் எந்த முறை, ஏன் அது? இந்த இடத்தில் உள்ள குமிழ்களை நீங்களே ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது? ஸ்டென்ட் வகைக் குழாய் வைப்பதானால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மருந்துகளை எத்தனை மாதம் சாப்பிட வேண்டும், அந்தக் காலத்தில் வேறு அறுவை வந்தால் என்ன செய்வது? சிக்கல் விகிதத்தைக் கேட்டதற்காக ஒருவர் கோபப்பட்டால் இன்னொருவரைத் தேடுங்கள்.

இப்போது தினமும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதுகிறேன். இந்த நோயில் நம் கைக்குள் இருப்பவை மிகச் சிலவே: ரத்த அழுத்தம், புகை, அளவுக்கு மீறிய குடி. புகைப்பது குமிழ் உருவாவதற்கும் வெடிப்பதற்கும் துணைபோகிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஸ்கேனை மறுத்த தம்பி சிகரெட்டை விட்டுவிட்டான். அதற்காக அவனை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நடக்கிறேன், விமானத்தில் போகிறேன், சிரிக்கிறேன். மிகக் கனமான எடைகளை மூச்சடக்கித் தூக்குவதை மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள்.

என்னைப் போலக் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஒரு பக்கத்துக் கண்ணிமை திடீரெனத் தொங்கி, அந்தக் கண்ணின் பாவை விரிந்து, பொருள்கள் இரட்டையாகத் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் அது குமிழ் வளர்ந்து கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துவதன் அறிகுறியாக இருக்கலாம். வெடிப்பு நெருங்கியிருக்கக்கூடும். அடுத்த ஸ்கேன் தேதி பக்கத்தில்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் அன்றே, அந்த மணி நேரத்திலேயே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ‘எனக்கு அனியூரிசம் இருப்பது தெரியும்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, பழைய ஸ்கேன் அறிக்கையை நீட்டுங்கள்.